அமிர்தி மணலில் பெண் பார்த்த கதை

எங்கள் பக்கத்தில் கடல் கிடையாது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, அமிர்தியைத் தாண்டியதும் ஒரு வளைவில் அகலமாகி, நிறைய மணலைக் கொட்டி வைத்திருந்தது. வேலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வரும் குடும்பங்கள் அதை 'பீச்சு' என்றார்கள். கேட்டுக் கேட்டு நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். முழங்கால் அளவுத் தண்ணீர், ஓரத்தில் ஒரே ஒரு ஆழமான மடு, மறுகரையில் புங்கமரங்கள். குழந்தைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். குடிக்கிறவர்களும் கூச்சல் போடுகிறவர்களும் மேலே அருவிப் பக்கம் போய்விடுவார்கள்.

என்னை முதன்முதலாகப் பெண் பார்த்தது அந்த மணலில்தான். எண்பதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தார். வீட்டுக்கு வரவழைத்து, பிறகு வேண்டாம் என்று அவர்கள் போய்விட்டால் தெருவே பேசும் என்று அவருக்குப் பயம்.

"பீச்சாண்ட பாத்துக்கட்டும். ஊர் சுத்த வந்தவங்க மாதிரி இருக்கும். ஒத்துப்போச்சுன்னா அப்புறமா வூட்டுக்கு இட்டாரலாம்" என்றார்.

மாப்பிள்ளைக்குக் கிணறு வெட்டும் தொழில். பாறைக்கு வெடி வைப்பதில் கெட்டிக்காரர் என்று தரகர் சொல்லியிருந்தார். அம்மா அதையே நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்து, புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டினாள்.

அவர், அவருடைய அம்மா, அக்கா, கூட்டாளி ஒருவர் என்று வந்தார்கள். டெரிலின் சட்டை, தொளதொள பேன்ட், கையில் ஒரு மஞ்சள் பை. ஆள் பார்க்க நன்றாகவே இருந்தார். பொய் சொல்வானேன், முதல் பார்வையில் எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு மடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மடுவுக்கு அருகில், மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கி வந்த ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் குசலம் விசாரித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை எழுந்து போய் மஞ்சள் பைக்குள் கைவிட்டார். பழுப்புத் தாள் சுற்றிய, மெழுகுவத்தி மாதிரி ஒன்றை எடுத்தார். பாறையை உடைக்கிற தோட்டா அது. அதில் திரியைச் செருகினார்.

"இன்னா தம்பி இது?" என்று அப்பா பதறிப்போய் எழுந்தார்.

"சும்மா உக்காருங்க மாமா. பொண்ணுக்கும் நம்ம தொழிலு இன்னான்னு தெரியட்டும்" என்றவர், மடுவைப் பார்த்து, "ஏய்! புள்ளைங்கள மேல ஏத்து!" என்று கத்தினார்.

அந்தப் பெண் கைக்கு ஒன்றாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரையேறினாள். அவள் நிதானமாக நிற்கக்கூட இவர் காத்திருக்கவில்லை. கூட்டாளியின் பீடியில் திரியைப் பற்றவைத்து மடுவுக்குள் வீசிவிட்டார்.

சத்தம் காதில் கேட்டதைவிட உள்ளங்காலில்தான் அதிகம் தெரிந்தது. தண்ணீர் எழும்பி விழுந்தது. மடு முழுக்கச் சேறாகக் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாக வயிறு மேலே தெரிய மீன்கள் மிதந்து வந்தன. சில சாகாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தன. சிலவற்றுக்கு உள்ளே இருந்தது வாய் வழியாகப் பிதுங்கி வெளியே வந்திருந்தது. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் கரையோரம் நுரையோடு ஒதுங்கின. வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டேன்.

கூட்டாளி இறங்கி வேட்டியில் அள்ளினார். மாப்பிள்ளை பெரிய கெண்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, சிறியவற்றைக் காலால் எத்தி மணலில் ஒதுக்கினார். அவருடைய அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "எம்புள்ள எங்க போனாலும் வெறுங்கையோட வரமாட்டான்" என்று என் அம்மாவின் தோளைத் தட்டினார்.

"இன்னாங்க இது? கீழ எல்லாரும் குடிக்கிற தண்ணிங்க" என்றாள் மலைக்காரப் பெண். அவளுடைய சின்னப் பிள்ளை இன்னும் தேம்பிக்கொண்டிருந்தது.

"ரெண்டு எடுத்துனு போயி கொழம்பு வையி. எல்லாம் சரியாப்பூடும்" என்று ஒரு மீனை அவள் பக்கம் வீசினார். அது அவள் பாதத்தில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. கலங்காத இடமாகப் பார்த்துப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்து, பிள்ளைகளோடு நடந்துவிட்டாள். மாப்பிள்ளை சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறோமா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் மணலிலேயே உட்கார்ந்து மீன் கழுவினார்கள். செதிலும் குடலும் அங்கேயே குவிந்தன. ஈ மொய்த்தது. மாப்பிள்ளை அந்தச் சேற்றுத் தண்ணீரிலேயே கையை அலசிவிட்டு வந்து புளிச்சோற்றைப் பிசைந்தார். மணிக்கட்டில் செதில்கள் ஒட்டியிருந்தன. சோறு உள்ளே போகப் போக அவையும் மேலும் கீழும் போய் வந்தன. நான் சாப்பிடவில்லை.

அவருடைய அக்கா என்னிடம் கத்தியை நீட்டினார். "எங்க, நீ ஒண்ணு கழுவு பாக்கலாம். கைப்பக்குவம் தெரியணும்ல?"

அம்மா கண்ணால் சைகை காட்டினாள். நான் போய் உட்கார்ந்தேன். கையில் கொடுத்த மீனுக்கு இன்னும் உயிர் இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. வயிறு உப்பியிருந்தது. லேசாக அழுத்தியதும் விரலிடுக்கில் முட்டை வழிந்தது. மீனைக் கீழே வைத்தேன்.

"எனக்கு வேணாம்."

"மீனு வேணாமா? உனுக்குத்தான் மீனுன்னா உசுராச்சே" என்றாள் அம்மா.

"மீனு இல்ல. இவரு வேணாம்."

சொன்ன கையோடு ஓரமாக ஓடி வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று புடவையை உதறிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் வளத்து வெச்சிருக்கீங்க பொண்ண" என்றார். மாப்பிள்ளை மீன் பையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "ஊரே சிரிக்கப் போவுது. எங்கிட்ட அப்புறமா சொல்லியிருக்கக் கூடாதா?" அம்மா அழுதாள். "மீனு நாத்தத்துக்காடி ஒரு சம்பந்தத்த வுடுவாங்க?" என்று அன்று முழுக்க அதையே கேட்டாள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் வந்த குடும்பங்கள் போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தன. ஒரு தகப்பனார் குழந்தையின் காலைக் கழுவ அப்பாவிடம் தண்ணீர் கேட்டார். மணலுக்குள் புதைந்திருந்த எதையோ மிதித்துவிட்டதாம். அப்பா கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு மண்வெட்டியோடு போனார். வெகுநேரம் கழித்து வந்து, கிணற்றடியில் வேட்டியோடே குளித்தார். மணலில் அழுகிக் கிடந்ததையெல்லாம் அள்ளிப் புதைத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த வாரமே தரகர் வந்தார். "பையனுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதாம். சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா, ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டா போதும்ன்றாங்க" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அப்பா டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வேணாம்னு பொண்ணே சொல்லிட்டா. நானும் அதத்தான் சொல்றேன். டீய குடிச்சுட்டு கெளம்புங்க."

பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பிள்ளைகளும் பிறந்தார்கள். சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் இன்னமும் சொல்வார்கள், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வசதியான இடத்தை விட்டவள் என்று. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. அவர் பேச்சு வந்தால், வாந்திக்கு முன்னால் ஊறுவது மாதிரி வாயில் எச்சில் ஊறுகிறது. எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வருகிறேன்.