ரத்தம் கொடுக்கும் நாளின் ஆறு மணி மாத்திரை

“...நல்லாத்தானே கீது கிரியாட்டின், அப்புறம் இன்னாத்துக்கு சார் இன்னொரு ரத்த டெஸ்ட்டு? நான் குடுத்த கிட்னி, எனக்குத் தெரியாதா?” என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள் கோமதி.

என் மனைவி. மூன்று வருடங்களாக அவளுடைய சிறுநீரகம் என் அடிவயிற்றில் இருக்கிறது.

காலில் லேசான வீக்கம். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் நின்றே வேலை செய்பவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வானா? டாக்டர்தான் விடவில்லை. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதற்கு முன்பே சேதம் முற்றிவிடலாமாம். தானமாக வந்த சிறுநீரகத்தின் செல்கள் சாகும்போது அவற்றின் மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். புதிய பரிசோதனை அதை அளக்கிறது. என் ரத்தத்தில் கோமதி எவ்வளவு உதிர்ந்திருக்கிறாள் என்று பார்ப்பது.

நிறையவே உதிர்ந்திருந்தாள். பயாப்ஸியும் (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) அதையே சொன்னது. என் உடம்பு அவள் சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாக்கிக்கொண்டிருந்தது. தழும்பானது தழும்பானதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள்.

வீட்டில் சண்டை என்றால் தெருமுனை வரை போய் நிற்கலாம். சண்டை போடுவதே என் உடம்பு என்றால் எங்கே போய் நிற்பது?

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். டாக்ரோலிமஸ் (மாற்றுறுப்பை உடம்பு தாக்காமல் தடுக்கும் மருந்து) ரத்தத்தில் அதிகம் என்று இரண்டு முறை அளவைக் குறைத்திருந்தார்.

“ரத்தம் குடுக்கற அன்னிக்கு இந்த மாத்திரையை எப்பப் போடுவீங்க?”

“டாண்ணு ஆறு மணிக்கு சார். ஒரு நாள் தப்புனதில்ல, நான்தான் குடுப்பேன்,” என்றாள் கோமதி பெருமையாக. “ஏழு மணிக்கு லேப்ல கீறோம்.”

டாக்டர் பேனாவை மூடினார். ரத்தம் கொடுத்த பிறகுதான் அன்றைய மாத்திரை. முன்பே போட்டால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். அதை நம்பித்தான் மருந்தைக் குறைத்திருக்கிறார், தடுப்பும் குறைந்திருக்கிறது. லேபில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பார்கள், இல்லை என்போம். மாத்திரையை நாங்கள் சாப்பாட்டில் சேர்க்கவில்லை.

“இது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. நானும் முன்னாடியே கேட்டிருக்கணும்.”

நீங்களும் மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவர் என்றால், ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரை எப்போது என்று தயவுசெய்து இன்றே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

திரும்பும் பஸ் ஆவடி தாண்டியதும் கோமதி என் பக்கம் திரும்பினாள்.

“எழுப்பி எழுப்பிக் குடுத்தேனேய்யா.”

“நீ இல்லன்னா நான் ஏது?”

“சும்மா கெட. ஆறுதல் சொல்ல வந்துட்டான்.”

மாத்திரை அளவு கூடியது. இப்போது எனக்கு நாள் என்பது பன்னிரண்டு மணி நேரம், ஒரு மாத்திரையிலிருந்து அடுத்தது வரை. குளிக்கும்போது, உள்ளே யாரோ தூங்குகிற அறையின் கதவைத் தொடுவதுபோல அடிவயிற்றைத் தொடுகிறேன்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போனபோது கோமதி மாத்திரையைக் கைக்குள் பொத்திக்கொண்டு லேபில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். லேப்காரர் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்ததும் அவள் கையை விரித்தாள். வியர்வையில் மாத்திரையின் உறை இளகி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தாள். புடவையில் கையைத் துடைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள்.