பீப்பாய்க்குப் பின்னால் இருந்த சுவர்

இத்தாலியில் எங்கள் ஊர் மொன்தோர்வோ அருங்காட்சியகத்துக்கு வந்துபோனவர்களிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பானைகளைச் சொல்ல மாட்டார்கள், காவலர் குவிரினோ போட்ட சத்தத்தைத்தான் சொல்வார்கள். ஆள் குள்ளம், வயது அறுபத்து மூன்று, முழங்காலில் வலி. தொண்டைக்கு மட்டும் வயதாகவில்லை. "தொடாதீங்க!" என்று ஒரு கத்துக் கத்தினால், மூன்றாவது அறையில் சும்மா நிற்கிறவன்கூடக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வான். ஒரு தடவை பிஷப்பையே கத்திவிட்டார். பிஷப் மன்னிப்புக் கேட்டார், குவிரினோ கேட்கவில்லை.

இருபத்தொன்பது வருஷக் காவல். காப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. ரோமுக்கும் முந்தைய எத்ருஸ்கர்களின் பானைகள், ஒட்டுப் போட்ட கிண்ணங்கள், ஊசி, கொண்டி. ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொள்ளும்படியானது. உள்ளங்கையகலச் சுவர்ப்பூச்சுத் துண்டு, அதில் வண்ணத்தில் ஒரு பாதம். செம்மண் நிறத் தோல், நுனி மேல்நோக்கி வளைந்த செருப்பு, நீல வார். குதிகால் தரையில் படாமல் எழும்பியிருக்கும், யாரோ ஆடுகிறார்கள். ஆடுகிறவர் யார் என்று தெரியாது. 1987-ல் ஊருக்குக் கீழே பாறைச் சரிவில் குப்பையோடு குப்பையாகக் கிடந்ததை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். எந்தக் கல்லறைச் சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது என்று அருங்காட்சியக இயக்குநர் ஃபுல்வியா அம்மையார் பதினோரு வருஷமாகத் தேடுகிறார். சரிவில் அவர் ஏறாத இடமில்லை, விழாத இடமுமில்லை.

சாயங்காலமானால் குவிரினோவுக்கு வேறு வேஷம். மருமகன் இவானோ ஒரு வேன் வைத்திருக்கிறான். வெளியூர்க்காரர்களைக் காலையில் மாதா கோயிலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போவான், மாலையில் மாமனார் வீட்டு நிலவறைக்குக் கொண்டுவந்து இறக்குவான். எங்கள் ஊரில் வீடு பாறைமேல் நிற்கும், நிலவறை பாறைக்குள் இருக்கும். யார் குடைந்தது, எப்போது குடைந்தது என்று எவனுக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டான். அங்கே ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், பெருஞ்சீரகம் போட்ட பன்றித் தொத்திறைச்சி, குவிரினோவின் வெள்ளை ஒயின். ஒயின் சுமார் ரகம்தான். ஆனால் அந்த இடத்தின் குளிர்ச்சியில் உட்கார்ந்து குடித்தால் சுமாரும் அமிர்தம்.

ஆகஸ்ட் கடைசியில், திராட்சை அறுப்புக்கு முன்னால், எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் நிலவறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், ஒயினில் வாடை ஏறும். வருஷா வருஷம் அடித்தால் சுண்ணாம்பு தோசைக்கல் கனத்துக்குத் தடித்துவிடும். அப்போது சுரண்டி எடுத்து, கூடையில் அள்ளி, பாறை விளிம்பிலிருந்து கீழே கொட்டிவிட்டு, புதிதாக அடிக்கத் தொடங்குவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பல் தேய்ப்பதற்கு யாராவது யோசிக்கிறோமா?

போன வருஷம் ஆகஸ்டில் குவிரினோ சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மூன்று சுவர் முடிந்தது. நான்காவது சுவரை மறைத்துக்கொண்டு தாத்தா காலத்துப் பீப்பாய். நிலவறைக்குள்ளேயே வைத்துக் கட்டியது, வாசலைவிடப் பெரிது, தொண்ணூறு வருஷமாக அசையாதது. அது வந்த பிறகு அதன் பின்னால் யாரும் சுண்ணாம்பு அடித்ததில்லை, கை போகாது. ஆனால் இவானோ, போட்டோவில் அந்த இடுக்கு அழுக்காகத் தெரிகிறது என்று நச்சரித்து, நீளக் கம்பு வைத்த மட்டை ஒன்று வாங்கி வந்து கொடுத்திருந்தான். குவிரினோ மட்டையை இடுக்கில் விட்டு ஒரு இழு இழுத்தார். பலகை மாதிரி ஒரு பெரிய பழஞ்சுண்ணாம்புப் பொருக்கு அப்படியே பெயர்ந்து விழுந்தது.

செல்போன் விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

ஒரு முழங்கால் தெரிந்தது. செம்மண் நிறத்தில் ஆடுகிறவனின் முழங்கால், அதன் மேல் பறக்கும் துணி, அந்தப் பக்கம் தரையில் ஊன்றிய ஒரு கால், வளைந்த நுனி, நீல வார். தூக்கிய மற்றொரு கால் கணுக்கால் வரை இருந்தது. அதற்குக் கீழே பூச்சு இல்லை, வெறும் பாறை. பாறையில் இரும்புச் சுரண்டியின் தடம் வரி வரியாக இருந்தது.

அந்தத் தடம் குவிரினோவுக்குத் தெரியும். அவருடைய அப்பா மேலோட்டமாகத்தான் சுரண்டுவார், தாத்தாவும் அப்படித்தான். 1986 அக்டோபரில், கல்யாண விருந்து நிலவறையில் என்று முடிவானதும், மாப்பிள்ளை மிடுக்கில், கொத்தனாரிடம் கனத்த சுரண்டி இரவல் வாங்கி, மூன்று சுவரையும் பாறை தெரிய வழித்தவர் குவிரினோ. நான்காவதில் பீப்பாய் ஓரம் வரை கை எட்டியது, அதற்கு மேல் எட்டவில்லை. வழிக்கும்போது சிவப்பாய், பச்சையாய், நீலமாய்ப் பொடி உதிர்ந்தது. அன்றைக்குப் பெண்டாட்டியாகப் போகிற ஒர்னெல்லாவிடம் பெருமையாகச் சொன்னார்: "ஏழு ரகப் பூஞ்சை! அத்தனையும் வழிச்சுட்டேன்." பதினான்கு கூடை. எல்லாம் பாறைச் சரிவில் போயிற்று.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாளியில் சுண்ணாம்பு ஆடை கட்டிப் போயிற்று.

மறுநாள் அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்தார். பீப்பாய் ஓரத்தில் கையை எட்டி நுழைத்து, ஓவியத்தின் உடைந்த ஓரத்தை ரொட்டி சுற்றும் காகிதத்தில் வரைந்து கொண்டுவந்திருந்தார். கண்ணாடிப் பேழையைத் திறந்து, காகிதத்தைப் பூச்சுத் துண்டின் பக்கத்தில் வைத்தார். பொருந்தாமல் இருக்கட்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார். மயிரிழை விலகாமல் பொருந்தியது.

வீட்டுக்கு வந்து சொன்னார். ஒர்னெல்லா முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

"பிஷப்பையே கத்தினியே குவிரினோ. வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கே!"

"மேஞ்சது தெரியாம மேஞ்சேன்."

"எத்தனை பேர் ஆடுனாங்களோ அந்த மூணு சுவத்துல. நம்ம கல்யாணத்துக்கு அத்தனை பேரையும் தூக்கிப் பள்ளத்துல போட்டிருக்க."

குவிரினோ மேஜைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவானோவுக்கு வேறு பயம். "மாமா, யாருகிட்டயாச்சும் வாயத் திறந்தீங்களா?"

"இன்னும் இல்ல மாப்ள."

"திறக்காதீங்க. மண்ணுக்குள்ள கிடக்குறது எல்லாம் அரசாங்கத்துதுன்னு சட்டம் இருக்கு. நாளைக்கே வந்து சீல் வெச்சிருவானுங்க. அப்புறம் எங்க ஒயின் போடுவீங்க, குளியலறையிலயா? வேன்ல வர்றவங்கள எங்க கொண்டாந்து உக்கார வெப்பேன்? ரெண்டு கரண்டி கலவையப் பூசுங்க, முடிஞ்சது. இந்த ஊர்ல யாரு பூசாம இருந்திருக்கா?"

அவன் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் எவன் குடைந்தாலும் பழைய கல்லறை ஏதாவது தட்டுப்படும். பார்த்த அன்றைக்கே கலவை குழைத்து மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி போய்ச் சீட்டாடுவான். இது திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை, வீட்டைக் காப்பாற்றுவது என்றே நினைக்கிறோம். போன தலைமுறையில் ஒருவன் உண்மையைச் சொல்லி, சொந்த வீட்டுக்குள் போக இருபது வருஷம் அனுமதிக் கடிதத்தோடு அலைந்தான்.

"சொல்லிட்டா இன்னொண்ணும் இருக்கு" என்றான் இவானோ. "மத்த மூணு சுவரு எங்கேன்னு கேப்பாங்க. ஊரே சிரிக்கும் மாமா. மியூசியத்துல உங்களுக்கு முன்னாடி நின்னுக்கிட்டே சிரிப்பாங்க."

அதுதான் குவிரினோவைத் தைத்தது. நிலவறை போனால் போகட்டும், திராட்சையைக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போட்டுவிடலாம். இருபத்தொன்பது வருஷமாக ஊரையே கையைக் கட்டி நிற்கவைத்த மனுஷன், இனி எந்த முகத்தோடு போய் அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் நிற்பது? மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேய்த்தது, அவர் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலா என்று ஃபுல்வியா அம்மையாரே வந்து விசாரித்தார்.

நான்காம் நாள் காலை எழுந்து கோட்டை மாட்டினார்.

"எங்க?" என்றாள் ஒர்னெல்லா.

"சொல்லிடப் போறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சட்டைய மாத்திட்டுப் போ. காலரெல்லாம் சுண்ணாம்பு."

ஃபுல்வியா அம்மையார் இடுக்கில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதார். குவிரினோவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, ஒரு குவளை ஒயின் ஊற்றிக் கொடுத்தார். காலை ஒன்பது மணிக்கு அந்தம்மா அதைத் தண்ணீர் மாதிரி குடித்தார்.

ஒரு வாரத்துக்குள் பீப்பாயின் இரும்பு வளையங்களைத் தளர்த்திப் பலகை பலகையாகப் பிரித்தார்கள். பின்னால் ஐந்து பேர் ஆடினார்கள். குழல் ஊதுகிறவன் ஒருவன், கிண்ணம் ஏந்திய பெண் ஒருத்தி, ஒரு கறுப்பு நாய். நேற்றுப் பூசியது போல் நிறம். மூன்று பக்கமும் வெள்ளை வெளேர் என்று வெறுஞ்சுவர், ஒரு பக்கம் மட்டும் கொண்டாட்டம். பார்க்க வந்தவர்கள் முதலில் அந்தப் பக்கம் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பிறகு தலையைத் திருப்பி, மற்ற மூன்றையும் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். ரோமிலிருந்து வந்த அதிகாரி நிலவறைக்குச் சீல் வைத்தார். இவானோ மாமனாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டான், வேனில் ஏரிக்கரைக்கு ஆள் கூட்டிப் போகிறான்.

இந்த வசந்தத்தில் நிலவறையைப் பொதுமக்களுக்குத் திறப்பதாக முடிவாயிற்று. காவலுக்கு வேறு யார், குவிரினோதான். திறப்பதற்கு முந்தின வாரம் ஃபுல்வியா அம்மையார் வாசலில் மாட்டப்போகும் பலகையின் வாசகத்தைக் கொண்டுவந்து காட்டினார். குவிரினோ கண்ணாடி போட்டுப் படித்தார். ஓவியத்தின் வயது, நடனம், குழல், எல்லாம் இருந்தது. கடைசி வரி: "ஏனைய மூன்று சுவர்களின் ஓவியங்கள் அறியப்படாத காலத்தில் அழிந்துவிட்டன."

"இது தப்பு மேடம்."

"தெரியும்" என்றார் அவர் மெதுவாக. "நான்தான் அப்படி எழுதினேன். நீங்க வந்து சொல்லலேன்னா இந்த ஒரு சுவரும் கிடைச்சிருக்காது. உங்களுக்கு நான் வேற என்ன செய்ய முடியும்?"

"காலம் தெரியும். ஆளும் தெரியும். தெரிஞ்சத எழுதுங்க."

"குவிரினோ, இது நூறு வருஷம் தொங்கப்போற பலகை. உங்க பேரப்பிள்ளைங்க வந்து படிப்பாங்க."

"படிக்கட்டும். நீங்க பதினோரு வருஷம் சரிவுல விழுந்து விழுந்து தேடுனீங்க. நான் தெனமும் காலைல உங்களுக்கு வணக்கம் சொல்லிக்கிட்டு நின்னேன். எழுதுங்க மேடம், இல்லேன்னா நான் அந்த வாசல்ல நிக்க மாட்டேன்."

அவர் எழுதினார்.

திறந்த அன்று வெயில் நன்றாக அடித்தது. முதல் கூட்டத்தில் வடக்கே தொரினோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, பெரிய தொப்பி. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கண் கலங்க வெளியே வந்து, பலகையை உரக்கப் படித்தார். "ஏனைய மூன்று சுவர்கள் 1986 அக்டோபரில் குவிரினோ ப்ரீட்ஸி என்பவரால் சுரண்டப்பட்டன." படித்ததும் முகம் சிவந்துவிட்டது.

"அடப் பாவி! எவ்வளவு பெரிய முட்டாளா இருந்திருப்பான்! அவனை என்ன செஞ்சாங்க? ஜெயில்ல போட்டாங்களா?"

"இல்லம்மா" என்றார் குவிரினோ. "இங்க காவலுக்குப் போட்டிருக்காங்க."

அந்தம்மாவின் பார்வை அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டைக்கு இறங்கியது. கை தானாக வாய்க்குப் போயிற்று. குவிரினோ அடுத்தவரிடம் சீட்டை வாங்கிக் கிழித்து, படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்றார்.