நேர்ந்துவிட்ட சேவல்

மகளுக்குத் தலைப்பிரசவம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் சிவப்புச் சேவல் ஒன்று தருவதாக என் மனைவி தேயிலைத் தோட்டத்து முனியாண்டி சாமியிடம் நேர்ந்துகொண்டாள். நானும் மறுப்புச் சொல்லவில்லை. சாமி வாசம் மட்டும்தான் பிடிப்பார், கறி நமக்கு.

நேர்ந்துவிட்ட கோழியை அடைக்கக் கூடாது, விரட்டக் கூடாது என்பது எங்கள் லயத்து வீடுகளில் வழக்கம். அதனால் மற்ற கோழிகள் கூண்டில் அடைய, இது மட்டும் கொய்யாமரத்தில் துரை மாதிரி தூங்கியது. பகலெல்லாம் தேயிலைச் செடிகளுக்கு அடியில் புழு பொறுக்கும். கொழுந்தைப் புழு தின்கிறது, புழுவைச் சேவல் தின்கிறது, சேவலை நாங்கள் தின்னப்போகிறோம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். இடையில் இன்னொரு வாய் இருப்பதை மறந்துவிட்டேன்.

மகளைத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, மரத்தடியில் சிவப்பு இறகுகள்தான் கிடந்தன. மூசாங்கின் வேலை. அது மலாய்ப் பேர், மரநாய் என்று புத்தகத்தில் போடுவார்கள். பூனையைவிட நீளம், மரம் ஏறும், பழமும் தின்னும், எலியும் தின்னும். கோழி கிடைத்தால் விடுமா?

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு பயமா இருக்குங்க. சாமிக்கு விட்டது போயிருச்சே, புள்ளைக்கு ஏதும் ஆயிருமோ?"

அவள் அழுததைப் பார்த்து எனக்குக் கண்மண் தெரியாத கோபம். பக்கத்து வீட்டில் பெரிய கம்பிக்கூண்டை இரவல் வாங்கி, பழுத்த வாழைப்பழம் வைத்தேன். அகப்பட்டால் அடித்தே கொல்வது என்று முடிவு செய்திருந்தேன்.

அடுத்த நாள் விடிந்தபோது அது உள்ளே இருந்தது. கட்டையை எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே வந்த மனைவி குனிந்து பார்த்தாள். கம்பியைப் பிடித்து அது எழும்பி நின்றது. வயிற்றில் முலைகள் பால் கட்டித் தடித்திருந்தன.

"ஏங்க, புள்ளைக்காரிங்க இது. தொறந்து விடுங்க."

"முனியாண்டிக்கு யாரு பதில் சொல்றது? இதுவா?"

"நான் சொல்லிக்கிறேன்லா. எம்பொண்ணு நல்லபடியா பெத்து வரணும்னுதானே நேர்ந்தேன்? குட்டி போட்டவளக் கொன்னுட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரு முன்னால போயி நிப்பேன்?"

முணுமுணுத்துக்கொண்டே திறந்தேன். தேயிலைக்குள் புகுந்து அது மறைந்தது. அவள் நேராகக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, வேறு சேவல் வளர்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். மத்தியானமே மருமகன் போன் செய்தார். பெண் குழந்தை, இருவரும் சுகம். அவள் மறுபடியும் அழுதாள், இந்தத் தடவை நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு மகளுக்குப் பால் சரியாக ஊறவில்லை. பேத்தி பசியில் கத்திக்கொண்டே இருந்தது.

"நாட்டுக்கோழிச் சாறு வச்சிக் குடுத்தா பால் ஊறும். பெட்டையில ஒண்ணப் புடிங்க" என்றாள் மனைவி.

பிடித்தேன். கழுத்தை அறுத்து, இறகு பிடுங்கிக் கொடுத்தேன். மிளகு போட்ட சாற்றை மகள் மடக் மடக்கென்று குடித்தாள். மறுநாள் பேத்தி வயிறு நிறையக் குடித்துவிட்டு என் மடியில் தூங்கியது. அதன் வாயோரத்துப் பாலைத் துடைத்துவிட்டேன். அந்தப் பாலுக்காக நானும் ஒரு கோழியைத்தான் கொன்றிருந்தேன். என் மேல் கட்டையை ஓங்க யாரும் வரவில்லை.