பேக்கிங் ஹால், இரண்டாம் ஷிப்ட்

அறிவுமதி சென்னையில் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தாள். எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று மற்ற கம்பெனிகள் கேட்கும். இவர்கள் ஆராய்ந்து அறிக்கை கொடுப்பார்கள். வாடிக்கையாளரின் பெயரை லிஃப்டில்கூட உச்சரிக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயர் இருந்தது.

இரண்டாம் வருடம் 'ஆர்க்கிட்' வந்தது. கோப்பைத் திறந்தால் சேதராப்பட்டு என்று இருந்தது. சோப்புத் தொழிற்சாலை. சொந்த ஊர் முதலியார்பேட்டையில் மில் மூடிய பிறகு அவள் அப்பா பஞ்சநாதனுக்கு அங்கேதான் வேலை கிடைத்தது. பேக்கிங் ஹாலில் இருந்தார்.

வீட்டு ஆள் வேலை பார்க்கும் இடமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது விதி. சொன்னால் வேறு ஆளைப் போடுவார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மூன்று வாரம் அப்படியே நினைத்தாள்.

தொழிலாளர் பட்டியலில் பெயர்கள் இல்லை. எண்கள்தான். 417 இருந்தது. அப்பாவின் சோற்று டப்பா மூடியில் ஆணியால் கீறிய எண். பள்ளிக்கூட நாட்களில் தினமும் அந்த டப்பாவைக் கழுவி வைத்தது அவள்தான்.

கணக்குப் போட்டதில், அப்பா இருந்த இரண்டாம் ஷிப்ட் தேவையில்லை என்று வந்தது. திரும்பச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

"ஷிப்டயே எடுத்துட்டானுங்கம்மா" என்று அப்பா போனில் சொன்னார். "மெட்ராஸ்லேர்ந்து யாரோ எழுதிக் குடுத்தானுங்களாம். வந்துகூட பாக்கல."

"அப்படியாப்பா" என்றாள்.

இப்போது அவர் லாஸ்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன்.

அதற்குப் பிறகு அந்த வேலையில் அவளுக்குக் கை ஓடவில்லை. ஐந்தாம் வருடம், கைபேசியைத் திறந்தால் முதலில் தெரிகிற பெரிய டெக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். அங்கே இந்த மாதிரிப் பட்டியல்கள் தன் கையில் வராது என்று நம்பினாள். இரண்டு சுற்றுகளில் தேறினாள். கடைசிச் சுற்றில், இதுவரை செய்த வேலைகளில் பெரியதொன்றைக் கதையாகச் சொல்ல வேண்டும்.

கல்லூரித் தோழி சுவேதா ஏற்கெனவே அந்தப் பக்கம் போனவள். அறிவுமதி சொன்ன எந்தக் கதையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் டீமு டீமுன்றியே. நீ தனியா என்னடி கிழிச்ச?"

கடைசியில் ஆர்க்கிட்டைச் சொன்னாள்.

"இது, இதத்தான் சொல்லணும். எத்தன பேரு?"

"அறுபத்திரண்டு."

"அந்த நம்பர அழுத்திச் சொல்லு."

எங்கள் அப்பாவும் அதில் ஒருவர் என்று சுவேதாவிடமும் சொல்லவில்லை.

லீவு போட்டுவிட்டு முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் நின்று அந்தக் கதையை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பழகினாள்.

"செவுத்தாண்ட பேசறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றாள் அம்மா மணியம்மாள், அடுப்படியிலிருந்து.

அம்மா, அப்பா இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பதுதான் அறிவுமதியின் தைரியம். ஆனால் அப்பா வேலை பார்த்த இடத்தில் எல்லாமே ஆங்கிலம்தான். பேக்கிங், ஷிப்ட், லைன், சூப்பர்வைசர், எண்கள்.

மூன்றாம் நாள் காலையில் டீயோடு வந்தவர் அவள் முடிக்கும்வரை நின்றார்.

"சிக்ஸ்டி டூவா?"

"என்னப்பா?"

"பேக்கிங் ஹால், செகண்ட் ஷிப்டுன்றியே. சிக்ஸ்டி த்ரீம்மா. பாவாடைன்னு ஒருத்தன உட்டுட்ட."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அவன் காண்ட்ராக்ட்டு. லிஸ்ட்டுல வரமாட்டான். ஆனா எங்ககூடத்தான் கேட்ட உட்டு வெளிய வந்தான்." டம்ளரை மேசையில் வைத்தார். "ஆறிடும், குடி."

"அப்பா..."

"என்னிக்கு பரீட்ச?"

"வியாழக்கெழம."

"நல்லா செய்யி."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

வியாழக்கிழமை அவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவில் போட்டு வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்தார். மீன் கூடையோடு அஞ்சலாட்சி வந்தாள்.

"இன்னாயா, சொந்த ஊட்டுக்கே வாட்ச்மேன் ஆயிட்ட?"

"கத்தாத. உள்ள பாப்பா பரீட்ச எழுதுது."

"கல்யாண வயசுல இன்னும் பரீட்சயா? மார்க்கு போட்டு ஒரு மாப்ளயும் குடுப்பானுங்களா?"

"போ தாயி. சங்கரா மீனு இருந்தா திரும்பி வரப்ப குடு."

உள்ளே, மடிக்கணினித் திரையில் ஹைதராபாத்திலிருந்து ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். அறிவுமதி கதையைச் சொல்லி முடித்தாள். திரும்பச் செய்ய நேர்ந்தால் எதை மாற்றுவீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. ஜன்னல் வழியே அப்பாவின் பின்தலை தெரிந்தது.

"என் எண் தவறு" என்றாள். "அறுபத்து மூன்று. ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவரை நான் எண்ணவில்லை."

"எப்படித் தெரியவந்தது?"

"அங்கே வேலை பார்த்த ஒருவர் சொன்னார்."

"வேலை முடிந்த பிறகும் தொழிலாளர்களிடம் பேசியிருக்கிறீர்கள். மிகவும் நல்லது" என்றாள் அந்தப் பெண். தலையைக் குனிந்து எதையோ தட்டச்சு செய்தாள்.

இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல அறிவுமதி வாயெடுத்தாள். அடுத்த கேள்வி வந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் வேலைக் கடிதம் வந்தது. மணியம்மாள் லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். பஞ்சநாதன் பரணிலிருந்து பழைய சோற்று டப்பாவை எடுத்தார். ஆறு லட்டு வைத்து மூடினார். டிவிஎஸ்ஸில் சேதராப்பட்டுக்குப் போனார்.

சாயங்காலம் வந்தார்.

"பாவாடையப் பாத்தியாப்பா?"

"பாத்தேன். அவனுக்கு சந்தோஷம். அவன் மவனுக்கு எதுனா வேல இருந்தா ஒன்ன சொல்லச் சொன்னான்."

"அவருகிட்ட என்ன சொன்ன?"

"எம்பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலன்னேன். வேற இன்னா சொல்றது?"

அவள் டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

"குடுப்பா, கழுவி வெக்கிறேன்."

"இருக்கட்டும்மா" என்றார். "நானே கழுவிக்கிறேன்."

குழாயைத் திறந்து, 417 கீறிய மூடியைத் தேய்க்க ஆரம்பித்தார்.