எவர்சில்வர் இளகுமா?

போன வாரம் புதுமடம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் போட்டி. சிறப்பு விருந்தினர் நான். பொன்னாடை போர்த்துவார்கள், நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

போட்டி இதுதான். ஆளுக்கு, ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்ட இரண்டு எவர்சில்வர் டம்ளர், கொஞ்சம் வெந்நீர். தட்டாமல், நெளிக்காமல் பிரிக்க வேண்டும். எப்படி என்று தாளிலும் எழுத வேண்டும். ஜெயிக்கிற ஒருவருக்கு மாவட்டப் போட்டியில் இடம்.

ஒன்பதாம் வகுப்பு நஸ்ரின், வாசலில் நின்ற மீன் வண்டியில் ஒரு கை ஐஸ் வாங்கி வந்தாள். உள் டம்ளரில் ஐஸைப் போட்டாள். வெளி டம்ளரை வெந்நீரில் வைத்தாள். ஒரு நிமிடம்... லேசாகத் திருகினாள். இரண்டு கையிலும் இரண்டு டம்ளர்.

பரிசு வேறொரு மாணவனுக்குப் போனது. அவனுடைய டம்ளர்கள் கடைசிவரை பிரியவே இல்லை — தாளில் மட்டும் பாடப்புத்தக வரி அப்படியே இருந்தது.

"ஏன் சார்?" என்று அறிவியல் ஆசிரியரைக் கேட்டேன். நஸ்ரினின் தாளை நீட்டினார். 'வெந்நீரில் வெளி டம்ளர் இளகும். ஐஸில் உள் டம்ளர் சுருங்கும்.' 'இளகும்' மேல் சிவப்பு மையில் அடித்திருந்தார்.

"வெந்நீர்ல எவர்சில்வர் இளகுமா சார்? மெழுகா அது? விரிவடையும்னுல்ல எழுதணும்."

நஸ்ரினையே கேட்டேன். "எங்க வாப்பா படகு எஞ்சின் மெக்கானிக் சார். நட்டு இறுகிட்டா சூடு காட்டுவாங்க. அது பெருசாகி பிடியை விட்டுரும். அதைத்தான் நாங்க இளகிருச்சும்போம்."

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணெதிரே பிரிந்த டம்ளர் தெரியவில்லை, ஒரு சொல் மட்டும் உறுத்துகிறதா? அப்புறம் எதற்கு டம்ளர், எதற்கு வெந்நீர்? மனப்பாடப் போட்டி என்றே வைத்திருக்கலாமே... கேட்டும்விட்டேன்.

"பேரை அனுப்பியாச்சு சார். இனி மாத்த முடியாது" என்றார் ஆசிரியர்.

ஆக, டம்ளரைப் பிரிக்காதவன் மாவட்டத்துக்குப் போகிறான். பிரித்தவள் வகுப்புக்குப் போனாள்.

அதன்பிறகு டீ வந்தது. அடுக்கி எடுத்துவந்த டம்ளர்களில் இரண்டு இறுகியிருந்தன. ஆசிரியர் இழுத்தார். திருகினார். மேசையில் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஜன்னல் வழியே குரல் கொடுத்தார்.

"ஏம்மா நஸ்ரின், இங்கன வா. இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடு."

வந்தாள். வாங்கினாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இளக வைக்கவா சார், விரிவடைய வைக்கவா?"