நடுப்பாட்டு காணாமல் போன வாரம்

ஈரமண் வாசனை, அதன் மேல் இஞ்சி டீ வாசனை, அதற்கும் மேல் கார் உறுமுகிற சத்தம்...

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் விருத்தாசலத்தில் எங்கள் செராமிக் பட்டறை இப்படித்தான் இருக்கும். நிஜக் கார் இல்லை. முதலாளி சேகர் அண்ணன் ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற கார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாஸ்டர் அச்சுக்குள் மண் கூழை ஊற்றி வைப்போம். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரமெல்லாம் மண் ஏடு கட்டும். சரியான நேரத்தில் கவிழ்த்து மிச்சக் கூழைக் கொட்டிவிட்டால், ஒட்டி நிற்பதுதான் பூச்சாடி. சீக்கிரம் கவிழ்த்தால் அப்பளம். தாமதமானால் அம்மிக்கல்.

நேரம் பார்க்க என்ன வழி? கையெல்லாம் மண், போனைத் தொட முடியாது. சுவர்க் கடிகாரம் தூசியைத் தின்றே செத்துப்போனது. எங்களுக்கு சேகர் அண்ணனின் கார் ஆட்டம்தான் கடிகாரம்.

"ஊத்தியாச்சுண்ணே" என்று நான் குரல் கொடுத்ததும் அவர் ஆட்டத்தைத் திறப்பார். காருக்குள் இருக்கும் ரேடியோவில் மூன்று பாட்டு, எப்போதும் அதே வரிசை. எந்த ஊர்ப் பாட்டோ, யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. முதல் பாட்டு வெறும் மேளம். இரண்டாவதில் ஒரு பொம்பளை பல்வலி வந்தவள் மாதிரி இழுத்து இழுத்துப் பாடுவாள். மூன்றாவது ஒரு நீள விசிலோடு முடியும். விசில் வந்தால் கவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் பல்வலிக்காரி பாட்டுக்கு நானே வார்த்தை போட்டிருந்தேன். "சேகரு ஓட்டுற காரு, செவுத்துல முட்டுது பாரு..." அவர் காதில் விழுகிற மாதிரிதான் பாடுவேன்.

அப்போது மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பூச்சாடி ஆர்டர். வெள்ளிக்கிழமை வண்டி வரும். திங்கட்கிழமை அவசரத்தில் பாடக்கூட மறந்து ஊற்றியதை அச்சிலிருந்து எடுத்தோம்... ஒன்றுகூட நிற்கவில்லை.

கூட வேலை செய்த பச்சையம்மா அக்கா கையில் எடுத்துப் பார்த்தார். "என்னாடி மல்லிகா இது, வெத்தல மாதிரி மடியுது."

சேகர் அண்ணன் வந்து நின்றார். "கூழுல தண்ணி அதிகமா வுட்டியா?"

"இல்லண்ணே, எப்பவும் போலதான்."

"நாளைக்கும் இப்புடியே வந்துச்சுன்னா நீ பழையபடி தொடைக்கிற வேலைக்குப் போயிடு. ஊத்துறதுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

அஞ்சு வருஷம் ஈரப் பஞ்சு வைத்து ஜாடி துடைத்த பிறகுதான் என்னை ஊற்றுகிற மேசைக்கு விட்டார்கள். ஒரே நாளில் திரும்பிப் போ என்றால்...

மறுநாள் ஊற்றிவிட்டு டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயே திறக்கவில்லை.

"என்னாடி, ஒடம்பு சரியில்லயா? சத்தத்தயே காணோம்" என்றார் அக்கா.

விசில் வந்தது. வழக்கம்போல டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கவிழ்க்கலாம் என்று வாயில் வைத்தேன். நாக்கு பொத்துவிட்டது.

"விசிலு வந்துடுச்சு, கவுத்துடி."

"இருங்கக்கா. டீ இன்னும் கொதிக்குது."

தினமும் அந்த விசிலுக்கு டீ ஆறியிருக்கும். நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

"அண்ணே, பல்வலிக்காரி எங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நடுவுல ஒரு பொம்பள பாடுவாளேண்ணே. மேளம் முடிஞ்சதும் நேரா விசிலு பாட்டு வந்துடுச்சு."

"ஆமால்ல... ஞாயித்துக்கிழம என்னமோ அப்டேட்டுன்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்கிட்டேன்."

நாங்கள் எல்லோரும் விசிலுக்கு மட்டும் காது கொடுத்திருந்தோம். நடுவில் ஒருத்தி காணாமல் போனதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

திரும்பி ஓடி வந்து அச்சுகளின் முன்னால் நின்றேன். காணாமல் போன பாட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் நானே பாடினேன். சேகரு, காரு, செவுரு, எதையும் விடவில்லை. முடித்த பிறகுதான் கவிழ்த்தேன்.

சாயங்காலம் அச்சைப் பிரித்து ஒரு ஜாடியைப் பலகையில் வைத்தார் அக்கா. விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார்.

"நிக்குதுடி."

அடுத்த சட்டி கூழை சேகர் அண்ணனே தூக்கி வந்து என் மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமை மொத்தச் சரக்கும் வண்டியேறியது.

பிறகு அவர் ஆட்டம் விற்ற கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்ததை எங்களுக்குப் படித்துச் சொன்னார். "பாட்டுக்கு வாங்கியிருந்த அனுமதி முடிஞ்சிடுச்சாம். அதனால எடுத்துட்டாங்களாம். மத்தபடி ஆட்டம் என்னுதுதானாம்."

"அது எப்புடிண்ணே? நாம வித்த ஜாடிக்கு பெயிண்ட்டு தேதி முடிஞ்சிடுச்சின்னு கல்யாண வூட்டுக்குப் போயி சொரண்டிக்கிட்டு வந்தா வுடுவாங்களா?"

"அத நீயே எழுதிப் போடு."

"எனக்கு இங்கிலீசு தெரிஞ்சா உங்க கிட்ட ஏன் திட்டு வாங்குறேன்?"

அதன் பிறகு மேளம் முடிந்ததும் அவர் காரை நிறுத்திவிடுவார். "மல்லிகா, நடுப்பாட்டு" என்று உள்ளே இருந்து குரல் வரும். தினம் ஒரு புது வரி. அவர் வழுக்கை, அவர் பைக், அவர் வாங்கிப் போட்ட ஓட்டை ஃபேன்... எல்லாம் பாட்டில் ஏறிவிட்டது. உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும், நான் பாடி முடித்து அவர் மறுபடி காரை எடுத்ததும் முட்டுகிற சத்தமும் கேட்கும்.

இப்போதும் நான் ஊற்றுகிற மேசையில்தான் இருக்கிறேன். சேகர் அண்ணன் கம்ப்யூட்டரை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு போன் ஆணியில் தொங்குகிறது, அதில் டைமர். ஒரு நொடி முன்னே பின்னே ஆகாது. ஒரு ஜாடியும் மடிவதில்லை.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த டைமரை எவ்வளவு கிண்டல் செய்தாலும் அதற்குச் சிரிப்பு வருவதில்லை... நேரம் வந்ததும் கத்திவிட்டு, சும்மா இருந்துவிடுகிறது.