மோர்டனில் ஒரு ஹவாய்

இன்று நண்பனின் தோட்டக் கொட்டிலில் மண்ணெண்ணெய் மணத்ததும், மோர்டனில் அடுக்குமாடியாகிவிட்ட அந்தப் பழைய மண்டபம் ஞாபகம் வந்தது. சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ் வகுப்பு முடிய, கம்பளிச் சட்டைக்கு மேல் பிளாஸ்டிக் பூமாலை போட்ட வெள்ளைக்காரக் கிழவர்கள் மண்ணெண்ணெய் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்து, மடியில் கிடத்திய கிட்டார்க் கம்பிகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு, ஹவாய் மெட்டுகளை இழுத்து இழுத்து வாசிப்பார்கள். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து எங்கே போனாலும், உடனே ஊருக்குத் திரும்பிப் போகிறவர்போல, குளிர்க் கோட்டைக் கழற்றாத அம்மா, என் கையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று கேட்பார்.

ஒருநாள் மூத்த கிழவரைக் காட்டி, "ஹவாய்க்குப் போனவரோ எண்டு கேள்" என்றார்.

கேட்டேன். அவர் பக்கத்துக் கடற்கரை ஊரான பிரைட்டனைத் தாண்டியதே இல்லையாம்.

"காணாத ஊருக்கே இந்த மனிசன் இப்பிடி உருகுது!"

அம்மா சிரித்தார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, ஹீட்டருக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தார்.